கடலோர பங்களாவில் ஒரு விருந்தாளி

தம்பி,

நேற்று சாயங்காலம் கயல் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். இட்லிக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் சத்தத்தில் முதலில் காதில் விழவில்லை. நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டேன்.

“மாமா வெளிநாட்ல இருந்தப்ப சாயங்காலத்துல எல்லாம் என்ன அத்தை பண்ணுவீங்க?”

குறையாகக் கேட்கவில்லை. அழவும் இல்லை. வத்தக்குழம்புக்குப் புளி எவ்வளவு கரைக்க வேண்டும் என்று கேட்பாளே, அதே குரல். தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. உன் மனைவி தன் சாயங்காலங்களை எப்படிக் கழிப்பது என்று என்னிடம் பக்குவம் கேட்கிறாள். நான் கிரைண்டரை மறுபடி ஓடவிட்டேன். அது ஓடினால் பேச வேண்டியதில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லலாமே என்பாய். இந்த வீட்டில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நீளும் எதையும் பேச முடியாது. உனக்கே தெரியும். சித்தப்பா வீட்டுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர். தேங்காய் வெட்ட ஆள் வந்திருக்கும், மோட்டார் நின்றிருக்கும், யாராவது பத்திரிகை வைக்க வந்திருப்பார்கள். போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உன் திட்டத்தைச் சொன்னாய். துபாய்க்கு முதலில் நீ மட்டும் போவாய். இரண்டு வருஷம் சேர்த்து, இங்கே மாடி கட்டிவிட்டு, அப்புறம் கயலைக் கூப்பிட்டுக்கொள்வாய். கம்பெனியில் ஃபேமிலி விசா தருகிறார்கள் என்று நீயேதான் சொன்னாய். அடுத்த வாயில், அங்கே வாடகை ஜாஸ்தி என்றும் சொன்னாய். அப்பா மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்து கை கழுவப் போனார். கயல் உனக்கு அப்பளம் வைத்தாள். பேச்சு அத்தோடு முடிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஆடி மாதம் அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பினோம். புதுசாகக் கல்யாணமானவர்களைப் பிரித்து வைக்கிற வழக்கம். கூத்தாநல்லூர் என்ன தூரம்? சார்ஜரை அங்கே விட்டுவிட்டேன் என்று ஒரு நாள் பைக்கை எடுத்தாய். சார்ஜரை எடுக்கப் போனவன் ஹெல்மெட்டை விட்டுவிட்டு வந்தாய். அதை எடுக்க மறுநாள். அவள் அம்மாவே எனக்குப் போன் செய்து சிரித்தார். “சம்பந்தி, மாப்பிள்ளையோட சாமான் பாதி இங்கதான் கெடக்கு. மீதியையும் கொண்டாந்துடச் சொல்லுங்க.” அந்த ஒரு மாதத்தைத் தாங்காதவன், இரண்டு வருஷத்தை எப்படி இவ்வளவு சுலபமாகச் சொன்னாய் என்று யோசித்துப் பார்த்தேன். சுலபம்தான். நீ வளர்ந்த வீட்டில் அது பழக்கம். அரிசி உலையில் கொதிப்பதுபோல, அப்பா வெளிநாட்டில் இருப்பதும்.

உனக்கு ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன தை மாதம். நீ சென்னையில் இருந்தாய். மல்லிகா அத்தையின் மகள் கல்யாணத்துக்காக நாங்கள் சீர்காழி போனது உனக்குத் தெரியும். “எங்க அண்ணனும் அண்ணியும் என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்து ஓட்டல்ல தங்கினவங்க” என்று அத்தை இன்னும் எல்லா விசேஷத்திலும் சொல்லிக் காட்டுகிறாளே, அந்த ஓட்டல். நீயும் ஒரு தடவை கேட்டாய், ஏம்மா அப்படிச் செய்தீர்கள் என்று. மண்டபத்தில் கொசு என்றேன். கொசு இருந்தது உண்மைதான்.

பொங்கலுக்கு முன்பு அப்பாவுக்கு மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. பழைய மேனேஜர். புதிதாக ஓட்டல் திறக்கிறார்களாம். வேலைக்கு வருகிறவர்களைப் பழக்க ஆள் வேண்டும், ஒரே ஒரு வருஷம் என்றாராம். ஊரோடு வந்து சேர்ந்தாயிற்று, இனிமேல் எங்கேயும் இல்லை என்று சொல்லி வந்தவர்தான். ஆனால் வந்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடியுமுன் எழுந்துவிடுவார். கூட்டின வாசலை மறுபடி கூட்டுவார். வீட்டிலிருக்கிற கட்டில்களின் விரிப்புகளை எல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி வைத்துவிடுவார். தூங்கப் போனால் காலை உள்ளே நுழைக்க முடியாது. நானும் ஒவ்வொரு ராத்திரியும் அதைப் பிய்த்து எடுத்துவிட்டுப் படுப்பேன். காலையில் மறுபடி செருகியிருப்பார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

போன் வந்த அன்று நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், களத்தில் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“என்ன டீச்சர் சொல்ற? போகட்டுமா?”

“உங்க இஷ்டம்” என்றேன்.

ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தைதான். விடுப்பு முடிகிற ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பார், நான் இதைச் சொல்வேன். மரியாதையான வார்த்தை. அதற்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். மறுநாள் பீரோவைத் திறந்தபோது பாஸ்போர்ட் உள்ளேயிருந்து மேல் தட்டுக்கு வந்திருந்தது.

கல்யாண மண்டபத்தில் எப்படிப் படுப்போம் என்பது உனக்குத் தெரியாததல்ல. பெண்கள் எல்லாம் மணமகள் அறையில், நகைப் பெட்டிக்கும் பூக்கூடைக்கும் நடுவில். ஆண்கள் மாடி ஹாலில் ஜமக்காளம் விரித்து. நினைத்துப் பார்த்தால் எங்கள் கல்யாண வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான். இந்தத் தடவை வேண்டாம் என்று தோன்றியது. ஒரு பேச்சு பாக்கி இருந்தது. அதற்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் வேண்டும்.

அந்த பங்களாவை எனக்கு முன்பே தெரியும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவாகப் பூம்புகார் அழைத்துப் போனபோது வழியில் பார்த்தது. எந்தக் காலத்திலோ ஒரு கப்பல் வியாபாரி கட்டியதாம். வெள்ளைத் தூண்கள், பச்சை மரச் சன்னல்கள், முன்னால் கடல். இப்போது ஓட்டல். பஸ் அதைத் தாண்டும்வரை பிள்ளைகள் சன்னல் கம்பியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன், டீச்சர் என்பதால் மூக்கை அழுத்தாமல். ஆசிரியர் அறையில் கம்ப்யூட்டர் மிஸ் தன் போனிலேயே அறை போட்டுக் கொடுத்தாள். “யாருக்கு மிஸ்? பையனுக்கா?” என்றாள். எனக்கு என்றேன். அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். சமையலறைக்கு டைல்ஸ் போட எடுத்து வைத்த சீட்டுப் பணம் அது. நம் சமையலறையில் இன்னும் ஏன் அதே சிமெண்ட் தரை என்று கயல் கேட்டால், இனி நீ சொல்லலாம்.

அப்பாவிடம் சொன்னபோது, “ஏன், மண்டபத்துல எடமில்லையாமா?” என்றார்.

“எடமிருக்கு. நீங்க ஒரு மூலை, நான் ஒரு மூலை.”

“இந்த வயசுல மானத்த வாங்காத டீச்சர். மல்லிகா ஊர் பூரா சொல்லுவா.”

“இப்ப வேணாம்னா பாதிக் காசுதான் திரும்ப வருமாம்.”

உடனே சரி என்றுவிட்டார். வீணாவதை மட்டும் அவரால் தாங்க முடியாது. சில சமயம் உன் அப்பாவை ஜெயிக்க அந்த ஒரு வழிதான்.

பட்டுக்கோட்டையில் பஸ் ஏறினோம். சீர்வரிசைக்கு என்று ஒரு சாக்குத் தேங்காயும் கூட வந்தது. சம்பா அறுப்பு. திருவாரூர் தாண்டியதிலிருந்து வழியெல்லாம் பாதி ரோட்டில் நெல் காய்ந்துகொண்டிருந்தது, பஸ் மீதிப் பாதியில் போயிற்று. சீர்காழியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பங்களாவின் மதில் தெரிந்ததும் அப்பா முன்னால் சாய்ந்து டிரைவரிடம், “பின்பக்கமா விடுப்பா” என்றார். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. டிரைவரும் திருப்பிவிட்டான்.

பின்வாசலில் ஒரு காய்கறி டெம்போ நின்றது. அழுக்குத் துணி மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார். “தேங்காயா? அந்தப் பக்கம் எறக்குங்க. எடை போடணும்.”

அப்பா இறங்கினார். சாக்கைத் தூக்கினார். தராசுமேல் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அடுத்து டெம்போ ஆளுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றுவிட்டார். பத்திரமாக, பணிவாக, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு.

“ஏங்க” என்றேன். “நாம ரூம் போட்டிருக்கோம்.”

வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். “ரூமா? ஐயையோ, அப்ப முன்னாடியில்ல போகணும் சார். மன்னிச்சுக்குங்க. தேங்காயப் பாத்து…”

“அதுனால என்ன. தேங்காயப் பாத்தா தேங்காய்னுதான் தோணும்” என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, “எடை எவ்ளோ காட்டுச்சு?” என்று கேட்டார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் அந்த வரிசையில் கை கோத்து நின்ற நிற்பு எனக்குள் இறங்கிவிட்டது.

முன்வாசலில் தேக்குக் கதவுகள். குளிர்ந்த எலுமிச்சைப் புல் சாறு. வரவேற்பில் இருந்த பெண் எல்லோரையும் கேட்பதுபோலக் கேட்டாள், “என்ன விசேஷம் சார்? வெட்டிங் ஆனிவர்சரியா?” அப்பா கொஞ்சம் யோசித்தார். “இல்லம்மா. தங்க வந்திருக்கோம்” என்றார். தனக்கே அப்போதுதான் தெரிந்தது மாதிரி. அவர் நாற்காலியில் உட்காரவேயில்லை. தேங்காய்ச் சாக்கு மட்டும் பித்தளைத் தள்ளுவண்டியில் ஜம்மென்று உட்கார்ந்து எங்களுக்கு முன்னால் போயிற்று.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் மர உத்திரம். நான்கு கால் தூண் வைத்த கட்டில், வெள்ளை கொசுவலை. ஒரு சன்னலில் கடல். குளியலறைச் சன்னலைத் திறந்தால் அறுத்த வயலின் வாசனை. தரையின் கறுப்பு வெள்ளைக் கற்கள் நடந்து நடந்து குழிந்திருந்தன. எத்தனை தலைமுறைப் பாதங்களோ. கட்டிலின் நடுவில் துவாலையை மடித்து ஓர் அன்னம் செய்து வைத்திருந்தார்கள்.

அப்பா அறையை ஒரு சுற்று சுற்றினார். படச் சட்டத்தின் மேல் விரலை ஓட்டி விரலைப் பார்த்தார். குனிந்து விரிப்பின் மூலையைப் பார்த்தார். “நல்லாத்தான் பண்ணியிருக்கான்” என்று சொல்லிக்கொண்டே அந்த மூலையை உருவி மறுபடி செருகினார். பிறகு அன்னத்தைக் கையில் எடுத்தார். “கழுத்து நிக்கல பாரு. துண்டு மெல்லிசு.” பிரித்து உதறினார். மடித்தார், சுருட்டினார், எங்கோ ஒரு இழுப்பு. நான் பையைக் கீழே வைப்பதற்குள் புது அன்னம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தம்பி, உன் அப்பா வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அன்றுதான் பார்த்தேன். அந்தக் கைகளை எனக்குத் தெரியாது. பாதி வாழ்க்கை அந்தக் கைகள் செய்ததை நான் சோப்பாக மட்டும் பார்த்திருக்கிறேன். குட்டிச் சோப்புகள், உனக்கு ஞாபகம் இருக்கும், தங்க நிறத் தாள் சுற்றியவை. ஒவ்வொரு விடுப்புக்கும் ஒரு பை நிறையக் கொண்டுவருவார். நீ ஒன்றை ஜியோமெட்ரி பாக்ஸில் போட்டு எடுத்துப் போவாய், உன் நோட்டெல்லாம் மணக்கும். ‘பெரிய ஓட்டல்ல இருக்காங்க’ என்றுதான் ஊரில் சொன்னோம். அப்படியொரு அறையில் அவர் கால் நீட்டிப் படுத்திருப்பதாகத் தெருவே நம்பியது. நானும் கொஞ்சம் நம்பினேன். நம்பினால் தூக்கம் வந்தது.

“இந்த மாதிரி ரூம்லயா இருந்தீங்க?” என்று கேட்டேன்.

“இருந்தேனே. ஒரு ரூமுக்கு அரை மணி நேரம்.”

“ஒரு தடவகூடப் படுத்துப் பாத்ததில்லையா?”

“படுத்தா வேலை போயிடும். ஒரு நாள் நாற்காலில உக்காந்தேன். இதே மாதிரி சன்னல், கடல். ஒன் லெட்டர் பாக்கெட்ல இருந்துச்சு. படிச்சுட்டு எந்திரிச்சுட்டேன்.”

“என்ன எழுதியிருந்தேன்?”

“மோட்டார்ல காயில் போயிடுச்சுன்னு.”

நாங்கள் இருவரும் சிரித்ததில் கொசுவலை ஆடியது என்று சொன்னால் நம்புவாயா? சிரித்து முடித்த பிறகுதான் அதை நினைத்துப் பார்த்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், ஏதோ ஒரு வெள்ளைக்காரனின் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மோட்டார் ரிப்பேரைப் படித்துவிட்டு எழுகிறார். எழுதியவள் எம்.ஏ. படித்தவள். சங்கப் பாட்டின் காதலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள்.

வெயில் தாழ்ந்ததும் வராந்தாவில் பிரம்பு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். டீ வந்தது. குடித்து முடித்ததும் அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார், உள்ளே கொண்டுபோய் வைக்க. “உக்காருங்க” என்றேன். உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழப் பார்த்தார். முழங்காலில் கை வைத்தேன்.

“சரி, என்ன விஷயம் சொல்லு” என்றார். “சும்மா கூட்டிட்டு வர்ற ஆளில்லையே நீ.”

எவ்வளவோ தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். பஸ்ஸில் திருவாரூர் முதல் சீர்காழிவரை மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன். எல்லாம் போயிற்று. “போகாதீங்க” என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அலைச் சத்தம். பக்கத்து அறைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இத நீ சொன்னதே இல்லையே” என்றார்.

“சொல்லியிருந்தா நின்னிருப்பீங்களா?”

இந்தக் கேள்விக்கு அவர் நல்லவராகப் பதில் சொல்லியிருக்கலாம். நின்றிருப்பேன் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கிறது. “தெரியல. நின்னிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன். அப்ப நெலம அப்படி. ஆனா நீ சொல்லியிருந்தா, பிளேன் ஏறும்போது வேற மாதிரி ஏறியிருப்பேன்.”

பிறகு அவராகவே பேசினார். அங்கே போய் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்காதே, இங்கே என்ன செய்கிறேன் என்று கேள் என்றார். “நெலத்த குத்தகைக்கு விட்டாச்சு. தேங்காய ஆள் வெச்சு வெட்டறோம். நீ ஸ்கூலுக்குப் போயிடற. கறி ஆக்கி வெச்சுட்டுப் போற. யாரும் எனக்கு ஒரு வேலை சொல்றதில்ல. விருந்தாளி மாதிரி இருக்கேன் டீச்சர். விருந்தாளி எத்தன நாள் இருப்பான்?”

அது நிஜம். விடுப்பில் வரும்போதெல்லாம் அவரை விருந்தாளியாகத்தான் வைத்திருந்தோம். நீ பாடத்தைக்கூடத் தாழ்ந்த குரலில் படிப்பாய், உள்ளே பெரிய மனிதர் யாரோ தூங்குவதுபோல. நல்ல தட்டு, நல்ல மீன், சண்டை கிடையாது. போகிற நாள் தெரிந்தவரோடு யாரும் சண்டை போடுவதில்லை. அவர் ஊரோடு வந்த பிறகும் அந்த உபசாரத்தை நிறுத்த எங்களுக்குத் தோன்றவில்லை. வீட்டில் அவரை விருந்தாளியாகவே வைத்திருக்கிறோம். இங்கே நிஜமாகவே விருந்தாளியாக வந்திருக்கிறார், உட்காரத் தெரியவில்லை.

“ஒண்ணு பண்ணுங்க” என்றேன். “இன்னிக்கு ஒரு ராத்திரி இங்க விருந்தாளியா இருந்து முடிச்சுடுங்க. நாளைக்கு வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரா இருங்க. வேலை நான் சொல்றேன். வேணாம் வேணாங்கற அளவுக்குச் சொல்றேன்.”

“டீச்சர் புத்தி” என்றார். ஆனால் போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. சாப்பிட்டோம். மீன் குழம்பைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து மேலே ஒரு இலையைச் செருகியிருந்தார்கள். “பாவம், கறிவேப்பிலை கெடைக்கல போல” என்றார் அப்பா.

காலையில் நான் எழுந்தபோது அவர் வராந்தாவில் இருந்தார். படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. தூங்கினீர்களா என்றேன். “படுத்தா உள்ள போயிட்டே இருக்கு. ஆளையே முழுங்குது. எப்படித்தான் தூங்குறாங்களோ. ஆனா நல்லாருந்துச்சு” என்றார். இட்லி சாப்பிட்டோம். பரிமாறியவர் அவர் மடியில் துணியை விரித்தபோது அப்பாவின் தோள் ஒரு கணம் எழப் பார்த்து, பிறகு தளர்ந்தது. இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

கிளம்புகிற நேரம். நான் பையோடு கதவருகே நின்றேன். அப்பா கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். விரிப்பு கசங்கி ஒரு பக்கம் தொங்கியது. தலையணை ஒன்று கீழே. அவர் போனார், விரிப்பின் மூலையைக் கையில் எடுத்தார். நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை, நீ அறிவாய். ஆனால் அந்த நிமிடம் ஒன்று மட்டும் நிச்சயமாகத் தோன்றியது. இவர் இந்தப் படுக்கையைச் சரிசெய்துவிட்டால், மஸ்கட் போய்விடுவார். வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. நேற்றே சொல்லியாயிற்று. இனி அவர் முறை.

மூலையைப் பிடித்தபடி நின்றார். கை அதை மடிக்கக்கூடத் தொடங்கிவிட்டது. பிறகு விட்டுவிட்டார். துணி விழுந்தது. கீழே கிடந்த தலையணையைப் பார்த்தார், அதையும் விட்டுவிட்டார். தான் செய்த அன்னத்தை மட்டும் எடுத்து, கடலைப் பார்க்கிற மாதிரி சன்னலோரம் வைத்தார்.

“வா டீச்சர். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு.”

மண்டபத்தில் மல்லிகா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “வாங்க வாங்க, தேனிலவு முடிஞ்சுதா? நாங்க ஒரு பாய் போட மாட்டமா அண்ணி?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். எனக்கு முகம் சுட்டது. அப்பா தேங்காய்ச் சாக்கை இறக்கிவிட்டு, “பாய்ல படுத்தா ஒன் அண்ணி பேசவே மாட்டேங்கறா மல்லிகா. மெத்தை போட்டாத்தான் வாயத் தொறக்கறா” என்றார். கூட்டமே சிரித்தது. நான்கூட.

அடுத்த வாரம் பீரோவைத் திறந்தபோது பாஸ்போர்ட் மேல் தட்டில் இல்லை. உள்ளே, பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்தது. இதைப் பற்றியும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும் என்பதில்லை. ஒன்றைப் பேசினால் போதும், சரியான ஒன்றை. இப்போது வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி, கேட்டரிங் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுக்கிறாரே, அது தானாக வந்ததல்ல. கேட்டுப் பாருங்கள் என்று நான் வேலை சொன்னேன். ‘நானும் டீச்சர்தான்’ என்று திரிகிறார். வெங்காயத்தை அழுகலாக வாங்கி வருகிறார், நான் கத்துகிறேன், அவர் பதிலுக்குக் கத்துகிறார். அந்தச் சத்தம் உனக்குச் சண்டையாகக் கேட்கிறது. எனக்கு, ஒருவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த சத்தம்.

இனி உன் விஷயம்.

போகாதே என்று உன்னிடம் நான் சொல்லவில்லை. போ. நல்ல வேலை, நீ உழைத்துப் பெற்றது. ஆனால் ஒரு வித்தியாசத்தை நினைத்துப் பார். அப்பா பார்த்த வேலைக்குக் குடும்பத்தை அழைத்துப் போகும் அனுமதி கிடையாது. அவருக்கு அந்தக் கதவே இல்லை. உனக்கு இருக்கிறது. திறந்திருக்கிற கதவைச் சாத்திவிட்டு, வாடகை மிச்சம் என்கிறாய். மாடி யாருக்குத் தம்பி? நீ இல்லாத மாடியில் கயல் துணி காயப் போடுவாள். நாம் கடைமடைக்காரர்கள். ஆற்றில் தண்ணீர் விட்டால் ஊரெல்லாம் பாய்ந்து கடைசியாக நமக்கு வரும். தாமதமாக வந்த தண்ணீரிலும் பயிர் வருகிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு வந்திருக்கிறது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதே மடையை அடைத்துவிட்டு, அப்புறம் பாய்ச்சிக்கொள்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை உங்கள் இருவருக்கும் அந்த பங்களாவில் அறை போட்டிருக்கிறது. கயல் பெயரில். கடல் பக்கத்து அறையாக வேண்டும் என்று அப்பாவே போன் செய்து கேட்டார், பணத்தையும் அவரே கட்டினார். இந்த நேரத்தில் இவ்வளவு செலவா என்று கணக்குப் பார்க்காதே. வேண்டாம் என்றால் பாதிதான் திரும்ப வரும். முன்வாசல் வழியாகப் போங்கள். தேங்காய் தரமாட்டேன், பயப்படாதே. போனை இருவரும் பையில் போட்டுவிடுங்கள். சாயங்காலம் வராந்தாவில் டீ வரும். அப்போது அவளிடம் கேள். பெட்டியில் என்ன எடுத்து வைக்கட்டும் என்று அவள் உன்னைக் கேட்பதற்கு முன்னால், உனக்கு என்ன வேண்டும் என்று நீ அவளைக் கேள்.

“உங்க இஷ்டம்” என்பாள். எனக்குத் தெரியும். நல்ல பெண், நல்ல வீட்டில் வளர்ந்தவள், அதைத்தான் சொல்வாள். அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதே. பாதி வாழ்க்கை அப்படித்தான் போகும். உட்கார்ந்திரு. டீ ஆறட்டும். இன்னொரு தடவை கேள்.

அவள் உண்மையிலேயே இங்கே இருக்கிறேன் என்றால், அதுவும் சரி. அவளுக்குத் துணையாக நான் இருக்கிறேன். ஆனால் அதை அவள் வாயால் சொல்லட்டும்.

அப்பா வெளியிலிருந்து கூப்பிடுகிறார், எழுதி முடிக்கவில்லையா, கீரைக்காரி போய்விடுவாள் என்று. முடித்துவிட்டேன். கயல் கேட்டதற்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் மறுபடி கேட்பாளோ என்று இருக்கிறது. கேட்டால் சொல்வேன், ஒளிக்கமாட்டேன். ஆனால் தம்பி, அந்தப் பதில் அவளுக்குத் தேவைப்படாமல் போகட்டும்.

அம்மா